சமையலறைத் தூண்

ரோம், பாந்தானி
9 மார்ச் 1931

அன்புத் தம்பி உல்தெரிகோவுக்கு,

அக்கா அர்ஜியா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தான் பொம்பீலியோவும் குழந்தை நெல்லாவும் சுகம். அந்த ஆற்றங்கரைத் தகர வீட்டில் உன் இருமல் எப்படி இருக்கிறது? கடல் தாண்டிப் போயும் அந்த இருமலை விடாமல் கூட்டிக்கொண்டு போனவன் நீ ஒருவன்தான்.

இங்கே ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. நம் தெருக்களை எல்லாம் இடித்துப் பெரிய சாலை போடப்போகிறார்களாம். படைகள் அணிவகுத்துப் போகுமாம். சாலைக்கு இரண்டு பக்கமும் அந்தக் காலத்துச் சக்கரவர்த்திகள் கட்டிய மண்டபமும் மன்றமும் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். நம் வீடுகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்த அழுக்காம். இதைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். பொம்பீலியோ அந்தப் பக்கத்தைத்தான் பொரித்த மீனுக்குக் கீழே விரித்து வியாபாரம் செய்கிறார்.

போன வாரம் ஒருவன் மைச் சட்டியோடு வந்து கதவு கதவாக எண் போட்டுவிட்டுப் போனான். சிவப்பு எண் என்றால் உடனே. கறுப்பு என்றால் அடுத்த வருடக் கோடைக்குப் பிறகு. நமக்குக் கறுப்பு. எதிர்ச் சந்து ஜெல்த்ரூதே அக்காவுக்கும் கறுப்பு. சிவப்பு விழுந்த வீட்டுக்காரர்களை ஊருக்கு வெளியே, ப்ரெனெஸ்தினா பக்கம் வயல்காட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கே மண் தரையாம், பொதுக் கக்கூஸாம்.

நெல்லாவுக்கு ஆறு வயது ஆகிறது. முன்பல் விழுந்துவிட்டது. கடையில் மிஞ்சிய மீன்தோலை ஏப்ரன் பையில் ஒளித்துக் கொண்டுபோய் இடிபாட்டுப் பள்ளத்துப் பூனைகளுக்குப் போடுகிறாள். பக்கத்தில் வந்தால் பூனை வாடை. அடித்தால் சிரிக்கிறாள்.

ஈஸ்டருக்குப் பாதிரியார் வீட்டை மந்திரிக்க வருவதற்குள் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சமையலறைச் சுவரில் அந்தப் புடைப்பு இருக்கிறதே, அதற்கே அரை வாளி போய்விடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா அர்ஜியா


புவெனஸ் அயர்ஸ், லா போகா
10 ஏப்ரல் 1931

என் அருமை அக்காவுக்கு,

உன் தம்பி கும்பிட்டு எழுதுவது. நான் நலம். இருமல் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அத்தானையும் என் பல்லில்லா ராணியையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கடைசியில் வழி கிடைத்துவிட்டது. அந்தப் புடைப்பு என்ன தெரியுமா? தூண்! அசல் வெள்ளைச் சலவைக்கல் தூண். சின்ன வயதில் ஒருமுறை சுண்ணாம்பு பெயர்ந்தபோது உள்ளே பள்ளம் பள்ளமாக வரி இருந்ததை நானே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டாயா? தலைமுறை தலைமுறையாக ஈஸ்டருக்கு ஈஸ்டர் சுண்ணாம்பைப் பூசிப் பூசி அதைக் குழவிக்கல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம்.

இங்கே இத்தாலியர் சங்கத்துக்கு ஊர்ப் பத்திரிகை வருகிறது. அதில் படம் படமாகப் போடுகிறார்கள். பழைய கல் என்றால் அவர்களுக்கு உயிர். சுற்றிக் கம்பி கட்டி, விளக்கு வைத்து, குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். உன் தூணைக் காட்டு, அக்கா. அந்தத் தூண்தான் மாடியைத் தாங்குகிறது. தூணைக் காப்பாற்றுகிறவன் வீட்டை எப்படி இடிப்பான்?

நான் பூச்சு வேலைக்காரன், சொல்வதைக் கேள். இரும்பு படக்கூடாது. வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி ஊறவிடு. பிறகு மரக்கரண்டியால் சுரண்டு. மேலிருந்து கீழாக. கல் தெரிந்ததும் வினிகரை நிறுத்து, அது சலவைக்கல்லை அரிக்கும்.

தைரியமாக இரு. நான் எதற்கு இருக்கிறேன்?

உன் தம்பி
உல்தெரிகோ


ரோம், பாந்தானி
21 ஜூன் 1931

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் எல்லாரும் சுகம். சுகம் என்ன சுகம், சந்தோஷம்! முழுவதையும் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

உன் கடிதம் வந்தபோது ஈஸ்டருக்குப் பூசிய சுண்ணாம்பு காய்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வினிகர் பாட்டிலை எடுத்ததும் உன் அத்தான் பிடித்துக்கொண்டார்.

"என்னடி பண்ணப்போற?"

"உல்தெரிகோ எழுதியிருக்கான். தூணைக் காட்டினா வீடு தப்பிக்குமாம்."

"அவன் அங்க உக்காந்து எழுதுவான். நம்ம வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே தமுக்கடிக்கணுமா? மூடியிருக்கற வரைக்கும்தான் அது நம்மளுது."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் பயம்."

"ஆமா, பயந்தான். பயந்தவன் வீட்லதான் இருக்கான். தைரியசாலியெல்லாம் ப்ரெனெஸ்தினாவுல இருக்கான்."

அவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன். வினிகர் நாற்றத்தில் கண்ணெல்லாம் எரிந்தது. ஒவ்வொரு அடுக்காக உரிந்து வந்தது. நீலம் கலந்த வருடம், மஞ்சள் கலந்த வருடம், அப்பா செத்த வருடம் பூசாமல் விட்ட கரி. அதற்கெல்லாம் அடியில், தம்பி, பால் நிறம். நெல்லா வரிப்பள்ளத்தில் விரலை விட்டு மேலிருந்து கீழே இழுத்து இழுத்து விளையாடுகிறாள். "பெரியவர்" என்று பெயர் வைத்திருக்கிறாள். வெயில் நேரத்தில் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டே தூங்கிப்போகிறாள். அவ்வளவு குளிர்ச்சி.

பழைய கல்லைத் தோண்டி எடுக்கிறவர்களின் ஆபீசுக்கு நானே போய்ச் சொன்னேன். மறுநாளே தங்கக் கண்ணாடி போட்ட ஒரு புரொபசர், பின்னால் இரண்டு பேர், ஒரு போட்டோக்காரன். புரொபசர் தூணைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். சாமி கும்பிடுவதைப் போல நின்றார்.

"ஏம்மா, இதுலயா இத்தனை வருஷமா வாணலி மாட்டினீங்க?"

"வேற எதுல மாட்டுறது ஐயா? மத்த சுவரெல்லாம் ஆணி தாங்காது."

சிரித்துவிட்டார். என் கையைப் பிடித்து, "உங்களுக்கு இந்த நாடே கடமைப்பட்டிருக்கு. இனிமே இதுமேல ஒருத்தன் கை வைக்க முடியாது" என்றார். வினிகரில் வெந்த கை. வெட்கமாகப் போய்விட்டது.

பொம்பீலியோ மட்டும் மூலையிலேயே நின்றார். இரவு சாப்பாட்டுக்கு ஜெல்த்ரூதே அக்காவைக் கூப்பிட்டு ஒயின் கொடுத்தேன். உன் பெயரைச் சொல்லிக் குடித்தோம். நீ புத்திசாலிதான், ஒத்துக்கொள்கிறேன்.

நெல்லாவின் முத்தங்களோடு,
அக்கா


புவெனஸ் அயர்ஸ்
2 ஆகஸ்ட் 1931

என் அக்காவுக்கு, நாட்டையே கடனாளி ஆக்கிய சீமாட்டிக்கு,

தம்பியின் வணக்கம். நலமே. நீங்கள் மூவரும் நலம்தான், எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் கடிதத்தைச் சங்கத்தில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். புரொபசர் தொப்பியைக் கழற்றிய இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். கலாப்ரியாக்காரன் ஒருவன், "எங்க ஊர்ல தூணெல்லாம் ஆட்டைக் கட்டத்தான்" என்றான். "அதான் நீ இங்க சுண்ணாம்பு கலக்குற" என்றேன். நானும் அதைத்தான் கலக்குகிறேன், அது வேறு விஷயம்.

அத்தானிடம் சொல்: மூடி வைத்தால் ஒன்றும் கிடைக்காது, திறந்து காட்டினால்தான் மதிப்பு. நான் சொன்னதாகவே சொல், கோபித்துக்கொள்ளட்டும்.

ஒருநாள் திரும்பி வந்து அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து உன் கையால் பொரித்த பக்காலா மீன் சாப்பிட வேண்டும். வீடு இருக்கிறது என்று நினைத்தாலே இங்கே வேலை லேசாகத் தெரிகிறது.

உன் தம்பி
உல்தெரிகோ


ரோம், ப்ரெனெஸ்தினா சாலைக்கு அப்பால்
15 நவம்பர் 1931

தம்பிக்கு,

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். நாங்கள் இருக்கிறோம். நெல்லாவுக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை.

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பாய். வீடு மாறிவிட்டோம். எல்லாம் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டது, அதனால்தான் முன்கூட்டி எழுத முடியவில்லை. அக்டோபரில் காகிதம் வந்தது, அடுத்த வாரமே வண்டியும் வந்தது. வண்டியில் சாமானை ஏற்றும்போது நெல்லா, "பெரியவரையும் ஏத்துங்க, அவருக்கு இடம் இருக்கு" என்று ஒரே அழுகை. வண்டிக்காரன், "யாரு பாப்பா, தாத்தாவா? எங்க, கூட்டிட்டு வா" என்று தேட ஆரம்பித்துவிட்டான். எல்லாரும் சிரித்தோம்.

இங்கே வரிசையாக ஒரே மாதிரி அறைகள். எங்களுக்கு ஒன்று. காற்றுக்குக் குறைவில்லை. ஜன்னல் வழியாக வரும், கதவுக்கு அடியில் வரும், கூரை வழியாகவும் வரும். தண்ணீருக்கு ஒரு குழாய், அங்கே பெண்கள் எல்லாரையும் பார்க்கலாம். டிராம் ஓடும் இடத்துக்கு வயல்வெளியில் அரை மணி நடை. மழையில் கொஞ்சம் கூடும்.

பொம்பீலியோ கடை போட்டுப் பார்த்தார். மீன் வாங்க இங்கே யாரிடம் என்ன இருக்கிறது? அதனால் இப்போது தோண்டுகிற இடத்தில் மண் அள்ளப் போகிறார். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

உனக்குத் தூணைப் பற்றிக் கேட்கத் தோன்றும். அது பத்திரமாக இருக்கிறது. பொம்பீலியோ தினமும் பார்க்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்.
அக்கா


புவெனஸ் அயர்ஸ்
4 ஜனவரி 1932

அன்பு அக்காவுக்கு,

புது வருட வாழ்த்துகள். நான் நலம். இங்கே கொளுத்துகிற வெயில். உங்கள் குளிரில் பாதியை வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தூண் அத்தனை உசத்தி என்றார்களே, பிறகு ஏன் வீடு போயிற்று? அதுவும் கறுப்பு எண் போட்ட வீடு? நீ அந்தப் புரொபசரைப் போய்ப் பார்த்தாயா, சரியாகப் பேசினாயா? உனக்குப் பேசத் தெரியாது என்று சொல்லமாட்டேன், ஊரே அறியும். ஆனால் பெரிய மனிதர்கள் முன்னால் நீ சட்டென்று வாயடைத்துப் போய்விடுவாய். சங்கத்தில் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

போகட்டும். புது வீடு என்றால் எலியில்லை, ஓட்டையில்லை, குழந்தைக்கு ஓடி விளையாட இடம். அதையும் பார்க்க வேண்டும்.

நெல்லாவுக்கு மே மாதம் முதல் நற்கருணை வருமே. அவள் உடைக்கு வெள்ளைத் துணி வாங்கியிருக்கிறேன். ஜெனோவாவுக்குத் திரும்பும் நண்பன் ஒருவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கணுக்கால் வரை வரட்டும், கஞ்சத்தனம் பண்ணாதே. அதைப் போட்டுக்கொண்டு பூனைப் பள்ளத்துக்குப் போகக்கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொன்னதாகச் சொல்.

சளி விட்டதா?

உன் தம்பி
உல்தெரிகோ


ரோம்
20 மார்ச் 1932

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. கையில் வெடிப்பு, பேனா பிடிக்க வரவில்லை.

துணி வந்து சேர்ந்தது. நல்ல துணி. மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

குளிர் போய்விட்டது. வயல்களில் காட்டுக்கீரை முளைத்திருக்கிறது. பெண்கள் கத்தியும் கூடையுமாகப் போகிறார்கள், நானும் போகிறேன். சிக்கோரியா கீரை கசக்கிறது. பூண்டு போட்டால் தெரியாது. பூண்டு இல்லை. பொம்பீலியோவுக்கு முதுகுவலி. பக்கத்து அறைக்காரன் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறான், சுவர் மெல்லிசு, எங்களையே அடிப்பதைப் போல இருக்கிறது. ஜெல்த்ரூதே அக்கா இன்னும் பழைய சந்திலேயேதான் இருக்கிறாள். குளிர்காலம் முழுக்க அவள் அடுப்பு எரிந்தது. கறுப்பு எண் அல்லவா.

நீ கேட்டாய். புரொபசரைப் பார்க்கப் போனேன். ஒருமுறை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஈஸ்டர் வருகிறது. இங்கே பாதிரியார் வருவாரா தெரியாது. சுண்ணாம்பு வாங்கவில்லை.

அக்கா


புவெனஸ் அயர்ஸ்
23 ஏப்ரல் 1932

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே ஆவல்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குடிகாரனைப் பற்றி எழுதியிருக்கிறாய், கீரையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நெல்லாவைப் பற்றி ஒரு வரி இல்லை. துணி பிடிக்கவில்லையா அவளுக்கு? மாமாமேல் கோபமா? பல் முளைத்ததா? ஒரு வரி எழுது, போதும்.

உல்தெரிகோ


ரோம்
25 மே 1932

மச்சான் உல்தெரிகோவுக்கு பொம்பீலியோ.

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல சலூன்கார அமேல்யோ எழுதுறாரு. அர்ஜியாவுக்குத் தெரியாது. நல்லா இருக்கியான்னு கேக்கணும்ல, நல்லா இருக்கியா?

உன் கடுதாசி வந்துச்சு. உன் அக்கா படிச்சுக் காட்டினா. ஒரு வரி போதும்னு எழுதியிருந்தே. நான் சொல்றேன். புள்ள போயிட்டா. ஜனவரி கடைசில. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. அந்த ரூமுக்குத் தரை கிடையாது மச்சான், வெறும் மண்ணு. மழ பேஞ்சா ஊறும். படுக்கைய ஒதுக்கி ஒதுக்கிப் போட்டோம், எங்க போட்டாலும் ஈரம். டாக்டரு இந்தப் பக்கம் வரமாட்டான். நான் முதுகுல தூக்கிட்டு டிராமுக்கு நடந்தேன். டிராம்ல உக்காந்ததும் மூச்சு அடங்குச்சு. தூங்குறா, நல்லதுன்னு நெனச்சேன். கண்டக்டரு டிக்கெட் கேக்க வந்தப்ப, "சத்தம் போடாதீங்க, இப்பதான் தூங்கினா"ன்னு சொன்னேன். ஆஸ்பத்திரில எறங்கறப்பதான் தெரிஞ்சுச்சு.

நீ அனுப்பின துணி அதுக்கப்புறந்தான் வந்துச்சு.

இன்னொண்ணும் கேட்டிருந்தே. தூணு இருந்தும் வீடு ஏன் போச்சுன்னு. தூணு இருந்ததாலதான் போச்சு. அவங்க தேடுறது அதத்தான. நம்ம வரிச இந்த வருஷக் கோடைக்கு அப்புறம்தான். தூணப் பாத்ததும், மழைக்கு முன்னாடி அத வெளிய எடுக்கணும்னு நம்ம வீட்ட முதல்ல வச்சுட்டாங்க. ஜெல்த்ரூதே வீட்ல ஒண்ணும் இல்லன்னு நெனச்சாங்க, அவ குளிர்காலம் பூரா வீட்லயே இருந்தா. அவ வீட்டுலயும் ஒரு கல்லு இருக்கு, மச்சான். அது முன்னால அலமாரிய நகத்தி வச்சுட்டா.

நான் தெனம் அங்கதான் மண்ணள்ளுறேன். நம்ம வீட்டு மண்ணு. தூணு நல்லா இருக்கு. கழுவி நிறுத்தியிருக்காங்க.

உன்னத் திட்டணும்னுதான் உக்காந்தேன். திட்டி என்ன ஆவப்போவுது? அர்ஜியா உனக்குச் சொல்லமாட்டா. சொன்னா நீ தாங்கமாட்டேன்னு நெனைக்கிறா. நான் தாங்கலயா? நீயும் தெரிஞ்சுக்க.

பொம்பீலியோ


ரோம்
12 ஜூன் 1932

அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே அனைவரும் சுகம். கோபமா என்று கேட்டிருந்தாய், என்ன கோபம்? எழுத மறந்துவிட்டேன், அவ்வளவுதான். வீட்டில் இருக்கிறவளைப் பற்றி யாராவது எழுதிக்கொண்டிருப்பார்களா?

நெல்லாவுக்கு இரண்டு முன்பல்லும் முளைத்துவிட்டன. முயல் பல். நற்கருணை மே கடைசி ஞாயிறு நடந்தது. உன் துணியைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன், மடித்துத் தைத்தால் அடுத்த வருடமும் ஆகும். தலையில் வெள்ளைப் பூ. பொம்பீலியோ முகம் மழித்துக்கொண்டு வந்தார், பார்க்கவே புதிதாக இருந்தது. கோயிலிலிருந்து வெளியே வந்ததும் என் காதில், "அம்மா, நான் அப்பத்தைக் கடிச்சுட்டேன். இயேசுவுக்கு வலிச்சிருக்குமா?" என்கிறாள். "உனக்கு இப்பத்தானே பல்லு வந்துச்சு, அவருக்குத் தெரியும்" என்றேன். நாள் முழுக்க அதே கவலை அவளுக்கு.

உடையோடு பூனைகளிடம் போகவில்லை. மாமா சொல் தட்டவில்லை.

கொஞ்சம் உயரமாகிவிட்டாள். பேச்சு அதிகம். இன்னும் நிறைய எழுதலாம், தாள் முடிந்துவிட்டது.

உன் அக்கா
அர்ஜியா


புவெனஸ் அயர்ஸ்
18 செப்டம்பர் 1932

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். சங்கத்துக்கு இப்போது போவதில்லை. வேலை முடிந்தால் அறை, அறை விட்டால் வேலை.

நற்கருணையைப் பற்றி நீ எழுதியதை மனப்பாடமாகச் சொல்லுவேன். கடித்தது பாவமில்லை என்று அவளிடம் சொல். இந்த மாமாவும் கடித்திருக்கிறான்.

அங்கே குளிர் வந்துவிடும். அவளுக்கு ஒரு கம்பளிக் கோட்டு அனுப்பலாம் என்றிருக்கிறேன். நல்ல தடிமனான கோட்டு, உள்ளே ஆட்டுத்தோல் வைத்தது. இங்கே மலிவாகக் கிடைக்கும். தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து எழுது. கை நீளமும் எழுது. குளிருக்கு முன் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

அத்தான் கையைப் பிடித்து, நான் கேட்டதாகச் சொல். அவருக்குப் புரியும்.

அவள் நெற்றியில் என் முத்தம்.

உல்தெரிகோ


ரோம்
6 நவம்பர் 1932

தம்பி,

நான் உயிரோடு இருக்கிறேன். பொம்பீலியோவும் இருக்கிறார். நீயும் இரு.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அவருக்குப் புரியும்" என்ற இடம் வந்ததும் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். குழாயடியில் நின்றுகொண்டு, "நான் மே மாசமே அவனுக்கு எழுதிட்டேன், அர்ஜியா" என்றார். முதலில் அவரை அடிக்கத்தான் கை ஓங்கினேன். பிறகு திரும்ப உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு நீ கோட்டுக்கு அளவு கேட்டிருக்கிறாய்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது, தம்பி. என்மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. காட்டச் சொன்னது நீ. அவர் வேண்டாம் என்று சொல்லியும், அவர் இல்லாத நேரம் பார்த்துச் சுரண்டியது நான். ஆபீசுக்கு நானே நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை.

போன வாரம் சாலையைத் திறந்துவைத்தார்கள். குதிரை, கொடி, பேண்டு வாத்தியம். மறுநாள் கூட்டம் குறைந்ததும் தனியாகப் போனேன். எங்கே நம் சந்து, எங்கே எது என்று ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வானமாக இருந்தது. தூணைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒற்றையாக நிற்கிறது, தலையில் ஒன்றுமில்லாமல், எதையும் தாங்காமல். வாணலி ஆணி இருந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். கம்பியைத் தாண்டிக் கையை நீட்டினேன். காவல்காரன் ஓடி வந்தான்.

"ஏம்மா, தொடக்கூடாது. தள்ளி நில்லு."

"இது என் சமையலறை, தம்பி."

"ஆமா, நேத்து ஒருத்தி இது என் மாமியார் வீடுன்னா. போம்மா, போ."

சிரித்தான். நல்ல பையன்தான், திட்டவில்லை. அந்தக் கல்லில் அவள் கன்னம் வைத்த உயரம் எனக்குத் தெரியும். அங்கே தொட்டுப் பார்க்கத்தான் போனேன். முடியவில்லை, வந்துவிட்டேன்.

நற்கருணைக் கதையை எழுதியது ஏன் என்று கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். முதலில் உனக்காகத்தான் மறைத்தேன். அப்புறம் எழுதத் தொடங்கியதும் அவள் பேசினாள். இயேசுவுக்கு வலிச்சிருக்குமா என்று அவள்தான் கேட்டாள், நான் யோசித்து எழுதவில்லை. தாள் தீர்ந்தபோது அழுதேன்.

இங்கே அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று குழாயடிப் பெண்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பொம்பீலியோ அவள் பெயர் வரும் இடத்தில் இருமுகிறார். பாதிரியார்கூட "அந்தக் குழந்தை" என்கிறார். ஆறு வருடம் நாள் முழுக்கக் கத்திக் கூப்பிட்ட பெயர், தம்பி. என் வாயிலேயே கிடக்கிறது.

கோட்டு அனுப்பாதே. அளவு எனக்குத் தெரியாது. போன ஜனவரி அளவுதான் தெரியும். ஆனால் கடிதம் போடு. போடும்போது நெல்லா எப்படி இருக்கிறாள் என்று கேள். பெயரைச் சொல்லிக் கேள். நான் பதில் எழுதாவிட்டாலும் கேள்.

உன் அக்கா
அர்ஜியா